பச்சைப் புள்ளி

பதிவாளர் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. பல்கலைக்கழகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவார்கள். கொஞ்ச காலம் போனால் சொல்வதை நிறுத்திவிடுவார்கள்.

மனுவை நீட்டினால் வாங்குவார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு முழுக்கப் படிப்பார். "சரி" என்பார். பச்சை மசிப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, எழுந்து நின்று, கை குலுக்கி அனுப்புவார். வந்தவர் வாயெல்லாம் பல்லாக வெளியே போவார். அவர் படியிறங்கிய பிறகு அந்தத் தாள் நிர்வாகப் பிரிவின் பெரிய மேசைக்கு வரும். கையெழுத்துக்கு அடியில் பச்சையில் ஒரு புள்ளி இருந்தால் ஃபைல் நகரும். புள்ளி இல்லையென்றால் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் படுத்துக்கொள்ளும். கேட்டவர்கள் வந்து வந்து விசாரித்து, "சார் எப்பவோ கையெழுத்து போட்டுட்டாரு, இந்தப் பிரிவு ஆளுங்கதான் இழுத்தடிக்கிறாங்க" என்று திட்டிவிட்டுப் போவார்கள்.

அந்தத் திட்டையெல்லாம் வாங்குவது டோக்கனின் வேலை. பிரிவு அதிகாரி அவள். முன்பு மாணவர் ஜன்னலில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தவள் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பதவி உயர்ந்தும் போகவில்லை. புள்ளி விஷயத்தை முந்தைய அதிகாரி ஓய்வு பெறும் நாளில் அலமாரிச் சாவியோடு சேர்த்து அவளுக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பதிவாளர் அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

இதில் ஒரே ஒரு சங்கடம். அந்தக் கீழ்த்தட்டில் அவளுடைய மனுவும் கிடந்தது.

டோக்கன் பட்டப் படிப்பை இரண்டாம் ஆண்டில் விட்டவள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வேலை கிடைத்தது, போனாள். பிறகு கல்யாணம், குழந்தை, வாடகை என்று எல்லாருக்கும் ஓடுவதுபோல அவளுக்கும் ஓடியது. மற்றவர்களின் பட்டச் சான்றிதழ்களுக்கு முத்திரை குத்தி அனுப்பிக்கொண்டே இருந்ததில் ஒரு கட்டத்தில் அலுத்துப்போனது. இதே பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பு இருந்தது. ஊழியர்கள் சேரலாம், பதிவாளர் அனுமதித்தால் போதும். அவளும் வருடம் தவறாமல் மனுக் கொடுத்தாள். அவரும் வருடம் தவறாமல் "சரி, நல்லாப் படிங்கம்மா" என்று கையெழுத்துப் போட்டார். புள்ளி மட்டும் விழவில்லை. தன் மனுவைத் தானே எடுத்துப்போய்க் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டுவாள்.

போன வருடம் விழுந்தது. கையெழுத்துக்கு நேர் கீழே, சின்னதாக, கறுப்பும் பச்சையுமாக. அவள் வீட்டுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போனாள். பேருந்து ஓட்டும் கணவர் புதுத் தோள்பை வாங்கி வந்தார். இரண்டு வாரம் வகுப்புக்கும் போனாள். அப்புறம் கணக்குப் பிரிவுக்காரர் ஃபைலைப் புரட்டும்போது நகத்தால் சுரண்டிப் பார்த்தார். புள்ளி கையோடு வந்துவிட்டது. ஈ போட்ட எச்சம். வகுப்பும் அதோடு நின்றது.

வீட்டில் அதற்குப் பிறகு அந்தப் பேச்சு ஓயவே இல்லை.

"அம்மா, இந்த வருஷம் நானும் அங்கதான் சேரப் போறேன்" என்றாள் மகள், சாப்பாட்டு மேசையில். "பகல் வகுப்பு எனக்கு, சாயங்காலம் உனக்கு. ஒரே புக்கு போதும். ஈ மட்டும் மனசு வைக்கணும்."

"வாயக் கிளறாத. தட்டக் கழுவு."

"உன் பக்கத்துல உட்கார வேண்டியதில்லங்கிற ஒரே சந்தோஷம்தான் எனக்கு."

"எனக்கும் அதேதான்டி" என்றாள் டோக்கன்.

இந்த வருடமும் மனுக் கொடுத்திருந்தாள். கையெழுத்து வந்தது. புள்ளி இல்லை. ஈயும் இல்லை. சேர்க்கை முடிய அதிக நாள் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் துணைவேந்தர், அடுத்த பருவத்திலிருந்து எந்த விண்ணப்பமும் தாளில் வரக்கூடாது, எல்லாம் இணையத்தில் என்று உத்தரவு போட்டார். மனு எழுதுவது, அனுப்புவது, அனுமதிப்பது எல்லாம் ஒரே சாஃப்ட்வேரில் நடக்க வேண்டும், மாணவர்களின் விவரம் ஒரு துளிகூட வெளியே கசியக் கூடாது. எதை வாங்குவதென்று தேர்ந்தெடுக்க மூன்று பேர் குழு. தலைவர் பதிவாளர். செயலர் டோக்கன். மூன்றாவது ஆள் கணினி மையத்தின் பொறியாளன். அவனுக்குச் சந்தேகம் என்று பெயர். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவன், சொந்தக் கல்யாணப் பத்திரிகையில் வந்த லிங்க்கை அழுத்த மறுத்தவன்.

முதல் கம்பெனிக்காரர்கள் நான்கு பேராக வந்தார்கள். கோட்டு, டை, ஆளுக்கொரு பேனா, எல்லாருக்கும் பிஸ்கட் டப்பா. திரையில் படம் ஓடியது. பொத்தான்கள் பூப்போல விரிந்தன. பதிவாளர் பிஸ்கட்டைக் கடித்தபடியே ரசித்துப் பார்த்தார்.

"ஆபீஸுக்கு ஒரே பாஸ்வேர்ட் போதும் சார்" என்றார் டைக்காரர். "பிரிவுல யார் வேணாலும் உள்ள போய் வேலைய முடிக்கலாம். மனு எங்க நிக்குதுன்னு வெளியாளுக்குக் காட்டாது. உங்களுக்குத் தொந்தரவே இல்ல."

"காட்டாதா?" பதிவாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். "அருமை."

சந்தேகம் எழுந்துபோய் அவர்களுடைய மாதிரிக் கணக்கில் ஒரு மருத்துவ விடுப்பு மனுவைத் திறந்தான். மேலே முகவரிக் கட்டத்தில் லிங்க்கின் கடைசியில் ஒரு எண் இருந்தது. அதில் ஒன்றைக் கூட்டினான். வேறு யாரோ ஒரு மாணவியின் மருத்துவச் சான்றிதழ் திரை முழுக்க விரிந்தது. இன்னும் ஒன்றைக் கூட்டினான். இன்னொரு பையனின் மனநல மருத்துவர் எழுதிய கடிதம்.

"இது மாதிரிக்குப் போட்டதா?" என்று கேட்டான்.

டைக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. வேறொரு கல்லூரியின் நிஜ விவரம் அது. ஒருவர் பாய்ந்து மின் இணைப்பைப் பிடுங்கினார்.

அவர்கள் போன பிறகும் பதிவாளர் விடவில்லை. "சின்னக் கோளாறுதானே? சரி பண்ணிக் குடுத்துடுவாங்க. மத்தபடி நமக்குத் தோதா இருக்கு" என்று சொல்லிவிட்டு டப்பாவோடு அறைக்குள் போனார்.

சந்தேகம் டோக்கனின் மேசை ஓரத்தில் சாய்ந்துகொண்டு குரலைத் தாழ்த்தினான். "அக்கா, யோசிச்சுப் பாருங்க. ஒரே பாஸ்வேர்ட். இத வாங்கினா உங்க மனுவ நீங்களே ஓகே பண்ணிக்கலாம். யாரு அழுத்தினாங்கன்னு கடவுளுக்குக்கூடத் தெரியாது."

அவள் யோசிக்காமல் இல்லை. பொய் சொல்லக் கூடாது. மத்தியானம் முழுக்க அதைத்தான் யோசித்தாள். பதிவாளருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. தலையாட்டினால் போதும். ஒரு பொத்தான், முடிந்தது கதை. தோள்பை கூட வீட்டில் தயாராக இருக்கிறது.

பிறகு அந்த மாணவியின் சான்றிதழ் நினைவுக்கு வந்தது. பெயர், வயது, நோய், எல்லாம். நாளைக்கு இதேபோல எண்ணைக் கூட்டித் தன் மகளின் மனுவையும் எவனாவது திறந்து பார்ப்பான்.

"வேண்டாம் தம்பி" என்றாள் மாலையில். "அடுத்த கம்பெனியக் கூப்பிடு."

"நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சதாலதான் சொல்றேன். போ."

இரண்டாவது கம்பெனியிலிருந்து ஒரே ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். பிஸ்கட் இல்லை. கீறல் விழுந்த மடிக்கணினியை மேசையில் வைத்து, "குடைஞ்சு பாருங்க" என்று சந்தேகத்தின் பக்கம் தள்ளினாள். அவன் எண்ணைக் கூட்டினான், குறைத்தான், பின்வாசல் தேடினான், அடுத்தவர் கணக்கில் நுழையப் பார்த்தான். எங்கே போனாலும் கதவு சாத்தியிருந்தது. டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. கடைசியில் அவன் நிமிர்ந்து, "ஒண்ணும் கிடைக்கல" என்றான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டை டோக்கன் கேட்டதே இல்லை.

ஸ்கூட்டர்காரி விளக்கினாள். வாங்குவதற்கு முன் சில நாள் ஓட்டிப் பார்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. அனுமதிக்கும்போது அவரவர் போனுக்கு ஒரு குறியீடு வரும். அதைப் போட்டால்தான் பொத்தான் வேலை செய்யும். ஒருவருக்காக இன்னொருவர் அழுத்த முடியாது. யார் எப்போது தொட்டார்கள் என்பது பதிவாகும். மனு யார் மேசையில் நிற்கிறது என்று மனுப் போட்டவருக்குத் தெரியும்.

"அவருக்கே தெரியுமா?" பதிவாளரின் குரல் கீழே போனது.

"ஆமா சார். அப்புறம், மறுத்தா காரணம் எழுதணும். காரணம் இல்லாம மறுக்க விடாது."

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். "ரெண்டு பட்டன்தான் இருக்கு. மூணாவதா ஒண்ணு வைக்க முடியுமாம்மா?"

"என்ன பட்டன் சார்?"

"சரிதான், ஆனா… இப்போதைக்கு வேண்டாம்ங்கிற மாதிரி."

"அப்ப அது வேண்டாம்தானே சார்?"

டோக்கன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சந்தேகத்துக்கு இருமல் வந்தது.

குழுவின் பரிந்துரையை அவளே எழுதினாள்: முதல் கம்பெனி பாதுகாப்பற்றது, இரண்டாவதை வாங்கலாம். ஸ்கூட்டர்காரி எதிரில் உட்கார்ந்திருக்க, பதிவாளர் படித்தார், "சரி" என்றார், பச்சையில் கையெழுத்துப் போட்டு, எழுந்து நின்று கை குலுக்கினார். அவள் சந்தோஷமாக ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தாள் மேசைக்கு வந்தது. டோக்கன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். புள்ளி இல்லை.

கீழ்த்தட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகப் புள்ளியில்லாத தாள் ஒன்றைத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டு, ஸ்கூட்டர்காரியைப் படிக்கட்டில் பிடித்தாள். வாங்குவதற்கு முன் சில நாள் ஓட்டிப் பார்க்க விடுவார்கள் என்று சொல்லியிருந்தாளே, அது இன்றைக்கே ஆரம்பிக்குமா? ஆரம்பிக்கும் என்றாள்.

டோக்கன் அலமாரியைத் திறந்தாள். கீழ்த்தட்டை முழுக்கக் காலி செய்தாள். தூசி பறந்து நாலு மேசைக்காரர்கள் தும்மினார்கள். அவளும் சந்தேகமும் அத்தனை மனுவையும் சாஃப்ட்வேரில் ஏற்றினார்கள். கொடுத்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டே ஏற்றினார்கள். அடியில் கிடந்த அவளுடைய மனு கடைசியாக ஏறியது.

"சார், ஒரே ஒரு உதவி" என்றாள் பதிவாளரிடம். "வாங்கறோமோ இல்லையோ, ஓட்டிப் பாத்தோம்னு துணைவேந்தருக்குக் காட்டணும். நீங்க உள்ள கதவச் சாத்திட்டு உட்காந்து, வர்றதுக்குப் பதில் சொல்லுங்க. அவ்வளவுதான்."

"நீங்களே அழுத்திடுங்களேன்ம்மா."

"விடாது சார். குறியீடு உங்க போனுக்குத்தான் வரும்."

கதவு சாத்தியது. வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ம்மா, இந்த விளையாட்டுத் துறைத் தலைவர் சுழல் நாற்காலி கேட்டிருக்காரே. அவரு இப்ப வெளிய நிக்கிறாரா?"

"இல்ல சார். மைதானத்துல இருக்காரு."

"கிட்டத்துல இல்லையே?"

"கண்ணுக்கெட்டின தூரத்துல இல்ல சார்."

ஒற்றை விரல் தட்டும் சத்தம். டக், டக், டக். டோக்கனின் கணினியில் அந்த மனுவின் நிறம் மாறியது. மறுக்கப்பட்டது. காரணம்: ஓடுகிறவருக்கு நாற்காலி எதற்கு.

சந்தேகம் வாயைப் பொத்திக்கொண்டான்.

அதற்குப் பிறகு அணை உடைந்ததுபோல் ஆயிற்று. தன் படத்தைப் பெரிதாக மாட்டக் கேட்ட பேராசிரியருக்கு மறுப்பு. காரணம், சுவர் தாங்காது. மாணவர் விடுதிக்கு மேல் தனக்கு ஒரு அறை கேட்ட பொறியியல் முதல்வருக்கு மறுப்பு. மச்சானின் அச்சகத்துக்கு வேலை கேட்டவருக்கு, "உங்களுக்கே தெரியும்." நடுநடுவே அனுமதியும் விழுந்தது. நூலகத்துக்கு மின்விசிறி, ஆய்வகத்துக்குக் குழாய். எதையும் மறுக்கத் துணியாத மனிதர் எல்லாவற்றையும் தூங்க வைத்திருந்தார். இப்போது பிரித்துப் பார்க்கிறார். உள்ளேயிருந்து ஏதோ ராகம் கேட்டது. பதிவாளர் முனகிக்கொண்டே தட்டினார். அவர் பாடுவார் என்று அந்தக் கட்டடத்தில் எவருக்கும் தெரியாது.

மறுநாள் விளையாட்டுத் துறைத் தலைவர் படியேறி வந்தபோது பதிவாளர் மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

"சார், நிமிருங்க. சண்டைக்கு வரல" என்றார் அவர். "இதத் தெரிஞ்சுக்கத்தான் இத்தன வருஷமா அலைஞ்சேன். இல்லன்னு முதல்லயே சொல்லியிருந்தா வீட்டு நாற்காலியக் கொண்டாந்து போட்டிருப்பேன். உங்க பிரிவுக்காரம்மாவ வேற சும்மா சும்மா திட்டிட்டேன்." போகிற போக்கில் டோக்கனைப் பார்த்து, "மன்னிச்சுக்கம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

பதிவாளர் கதவருகே நின்று அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பரீட்சை முடிந்த பிள்ளையின் களை.

"அவ்வளவுதானா?" என்றார். "கோவிச்சுக்கலயே."

"இல்ல சார்."

"உள்ள இன்னும் எத்தன இருக்கு?"

"ஒண்ணுதான் சார்" என்றாள் டோக்கன்.

கதவு சாத்தியது. இந்த முறை ராகம் இல்லை. அவள் நகல் இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள், எதையும் நகல் எடுக்காமல். நேரம் அரைநாள்போல நீண்டது. சந்தேகம் தன் திரையைப் பார்த்துக்கொண்டே கிசுகிசுத்தான்.

"அக்கா, சார் மறுப்பத்தான் அழுத்தியிருக்காரு."

அவள் நகல் இயந்திரத்தின் மூடியைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்தாள்.

"ஆனா காரணம் எழுத வரல போல. 'போதாது, போதாது'ன்னு திருப்பி அனுப்பிட்டே இருக்கு. முதல்ல 'சரி'ன்னு போட்டாரு. இப்ப வெறும் புள்ளி வெச்சுப் பாக்கறாரு."

"என்ன வெச்சாரு?"

"புள்ளிக்கா. வெறும் புள்ளி. மெஷின் ஏத்துக்கல."

டோக்கனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இயந்திரத்தின் மேல் கவிழ்ந்து தோள் குலுங்கச் சிரித்தாள். அது பாட்டுக்கு அவளுடைய கன்னத்தை ஒரு நகல் எடுத்துத் துப்பியது. அப்போது போன் அதிர்ந்தது.

மறுக்கப்பட்டது. காரணம்: விண்ணப்பதாரர் சாயங்காலம் வகுப்புக்குப் போய்விட்டால் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது.

இரண்டு முறை படித்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. இத்தனை வருடம் தனக்குத் தகுதி இல்லை, வயதாகிவிட்டது, யாரோ கோள் சொல்லியிருக்கிறார்கள் என்று என்னென்னவோ நினைத்திருந்தாள். கடைசியில் இந்த மனிதருக்கு ஃபைல் தேடத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். கேக் வாங்கியது, அழுதது, ஈயைச் சபித்தது எல்லாம் இதற்காக.

மறுப்புக்குக் கீழே பதில் எழுத ஒரு கட்டம் இருந்தது. அவள் நின்றபடியே எழுதினாள்: ஃபைல் எங்கே இருக்கிறது என்று இந்த சாஃப்ட்வேரே காட்டும் சார். என்னைத் தேட வேண்டாம். அதை வாங்கும் தாள் என் மேசையில் இருக்கிறது. அதில் நீங்கள் புள்ளி வைக்கவில்லை.

அனுப்பிய பிறகுதான் கடைசி வரி உறைத்தது. புள்ளி என்ற சொல்லை அவரிடம் யாரும் சொன்னதே கிடையாது.

கதவு திறந்தது. பதிவாளர் வெளியே வந்தார். பிரிவில் இருந்த அத்தனை தலையும் ஃபைலுக்குள் புதைந்தது.

"புள்ளி விஷயம்…" என்றார் மெதுவாக. "உங்க சீட்டுக்கு வர்றவங்களுக்கு மட்டும்தானே தெரியும்?"

"தோட்டக்காரருக்குத் தெரியும் சார். கேன்டீன்காரருக்குத் தெரியும்."

"பொதுவா எல்லாருக்குமே தெரியும் சார்" என்று ஒரு ஃபைலுக்குள்ளிருந்து கணக்குப் பிரிவுக்காரர் உதவினார். "கேட்டு வர்றவங்களத் தவிர."

பதிவாளர் காது மடல் சிவக்க நின்றார். பிறகு அவர் தொந்தியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. சிரிக்கிறார் என்று புரிய எல்லாருக்கும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அந்தத் தாளக் குடுங்கம்மா" என்றார். "அதுக்கு முன்னால…" போனை எடுத்தார், குறியீட்டைப் பார்த்தார், சந்தேகத்தின் கணினியில் தன் கணக்கைத் திறந்து அவள் மனுவை மறுபடி எடுத்தார். "அனுமதிக்கு எந்தப் பட்டன் தம்பி, நீலம்தானே?"

"நீலம்தான் சார். வேற யாரும் அழுத்த முடியாது, நீங்கதான்."

அழுத்தினார். டோக்கனின் போன் மறுபடி அதிர்ந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. சாஃப்ட்வேர் வாங்கும் தாளை அவர் முன் விரித்துப் பிடித்திருந்தாள். பதிவாளர் பச்சைப் பேனாவைத் திறந்து, கையெழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி வைத்தார். அழுத்தி, சுழற்றி, ஒரு பட்டாணி அளவுக்கு. தாள் பொத்துக்கொண்டு அடியில் இருந்த மேசை விரிப்பிலும் பச்சை இறங்கியது.

"போதுமா?" என்றார்.

டோக்கன் சுட்டுவிரலால் புள்ளியைத் தொட்டாள். மசி விரலில் ஒட்டியது.

அன்று சாயங்காலம் நேரத்துக்குக் கிளம்பினாள். யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் மகள் கதவைத் திறந்து முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"கேக் எங்க?"

"வாங்கல. போன தடவ வாங்கித்தான் மானம் போச்சு."

"அப்ப நெஜமா?"

டோக்கன் பச்சை விரலை நீட்டினாள். மகள் அதைப் பிடித்து, நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். போகவில்லை. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அப்பா, அந்தப் பையத் தூசி தட்டுங்க. இது ஈ இல்ல."